கிரிவலப் பாதையில் ஒரு பை

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். ஒரு பிளாஸ்டிக் பைக்கு யாராவது மதிப்புரை எழுதுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். எழுத வேண்டும் என்பதே என் எண்ணம். இரவும் பகலும் மனித உடலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைவிட ஆராய்ச்சிக்கு உரியது வேறு என்ன இருக்கிறது? அதிலும், ஒரு கருவியைச் செய்த இடத்தில் வைத்துப் பார்த்தால் அதன் குணம் பாதிதான் தெரியும். மீதியை அறிய வேண்டுமானால் அது பயன்படும் இடத்துக்குப் போக வேண்டும். ஆகவே இந்தப் பையைத் திருவண்ணாமலைக்கு எடுத்துச் செல்வோம், வாருங்கள்.

கற்பனைக்காக ஓர் அம்மாளை எடுத்துக்கொள்வோம். வயது அறுபது. கோயிலுக்கு அருகே பூக் கட்டி விற்பவர். மலக்குடலில் புற்றுநோய் கண்டு, அந்தப் பகுதியை அறுத்து நீக்கி, பெருங்குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். கூடவே செங்கம் பக்கத்து இளைஞர் ஒருவரையும் சேர்த்துக்கொள்வோம். டைஃபாய்டு காய்ச்சலில் சிறுகுடல் துளைபட்டு, உயிர் பிழைப்பதற்காகச் சில மாதங்களுக்கு மட்டும் வலப்பக்கத்தில் சிறுகுடலை வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள். இருவருக்கும் பௌர்ணமியன்று மலையைச் சுற்றிவர ஆசை. பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு நடந்தால் நான்கைந்து மணி நேரம் ஆகும். முடியுமா, முடியாதா? நம் மதிப்புரைக்கு இதுவே கேள்வி.

முதலில் பொருள் விளங்கட்டும். இப்படி வயிற்றில் அமைக்கப்படும் திறப்பை மருத்துவர்கள் ‘ஸ்டோமா’ என்கிறார்கள். கிரேக்க மொழியில் இதற்கு வாய் என்று பொருள். நம் ஊர்களில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அவருக்குப் பை வைத்திருக்கிறார்கள்’ என்றே சொல்கிறார்கள். ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது. ஆனால் நம் ஆசனவாயைச் சுற்றி இருப்பது போன்ற சுருக்குத்தசை அதற்கு இல்லை. ஆகையால் மலமும் வாயுவும் வரும்போது அடக்கிக்கொள்ள இயலாது. அவை தம் விருப்பப்படி வெளிவரும். ஆசனவாய் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள் உண்டு. ஏறக்குறைய 5,000 பிறப்புகளுக்கு ஒன்று. அவர்களுக்கும் முதல் வாரத்திலேயே பல நேரங்களில் ஸ்டோமா அமைக்க வேண்டியிருக்கிறது. எனவே இது முதியோர் நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த அறுவை புதியதன்று. பிரான்சு நாட்டில் துயுரே என்ற மருத்துவர், ஆசனவாய் இல்லாமல் பிறந்த ஒரு சிசுவுக்கு 1793-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது. விந்தை என்னவென்றால், அறுவை கண்டுபிடித்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகுதான் உருப்படியான பை வந்தது! அதுவரையில் துணியும், தகரக் குவளையும், கனத்த ரப்பர்ப் பைகளும், அவற்றைக் கட்டிவைக்கும் தோல் பட்டைகளுமே கதி. அறுவை மருத்துவருக்கு நோயாளி பிழைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எப்படிச் சந்தைக்குப் போவார் என்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அதை வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒரு செவிலி. டென்மார்க் நாட்டின் எலிஸே சோரன்சன் என்பவரின் தங்கை தோராவுக்கு இந்த அறுவை நடந்தது. கசிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவள் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். 1954-இல் எலிஸேக்கு ஒரு யோசனை தோன்றியது. மெல்லிய பிளாஸ்டிக் பையின் வாயைச் சுற்றி ஒட்டும் பசையை வளையமாகத் தடவி, அதை நேராகத் தோலில் ஒட்டிவிட்டால் என்ன? ஆகே லூயி-ஹான்சன் என்ற பிளாஸ்டிக் உற்பத்தியாளரிடம் போனார். அவர் முதலில் மறுத்துவிட்டார். அவருடைய மனைவி யோஹானேயும் செவிலிப் பயிற்சி பெற்றவர். அவர் வற்புறுத்திய பிறகே கணவர் இணங்கினாராம். 1955-இல் முதல் ஆயிரம் பைகள் தயாராயின. 1957-இல் அதற்கென்றே கோலோபிளாஸ்ட் நிறுவனம் பிறந்தது. இன்று உலகில் புழங்கும் பைகளில் பெரும்பாலானவை இந்த யோசனையின் வழிவந்தவையே.

பை கிடைத்துவிட்டது, தோல் பிழைக்க வேண்டாமா? இதில் ஓர் அழகான வேதியியல் இருக்கிறது. சிறுகுடலிலிருந்து வரும் கழிவு நீர்த்தது. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் வரும். கணையத்திலிருந்து சுரந்த செரிமான நொதிகள் அதில் இன்னும் வலுவோடு இருக்கும். பருப்பிலும் இறைச்சியிலும் உள்ள புரதத்தைச் சிதைப்பதே அவற்றின் தொழில். தோலும் புரதம்தானே? கழிவு சில மணி நேரம் தோலில் தங்கினால் போதும், சோற்றைச் செரிப்பது போல அந்த மனிதரின் தோலையே செரிக்கத் தொடங்கிவிடும்.

இதைத் தடுக்க வழி கண்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பணியாற்றிய ரூபர்ட் டர்ன்புல். அவர் 1950-களில் கையாண்டது கராயா என்னும் கோந்துப் பொடி. பொய்ப்பல் வரிசையை ஈறில் ஒட்டவைக்கப் பயன்பட்டு வந்த பொருள் அது. ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஒட்டிக்கொள்ளும், தோலுக்கும் கழிவுக்கும் இடையே தடுப்பாக நிற்கும். இந்தக் கோந்து எங்கே விளைகிறது தெரியுமா? நம் நாட்டில்! ஆந்திரம், மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளின் வறண்ட குன்றுகளில் வளரும் ஸ்டெர்குலியா யூரன்ஸ் என்ற மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பிசினைப் பழங்குடி மக்கள் சேகரிக்கிறார்கள். இங்கிருந்து மூட்டையாகப் போன பிசின், அங்கே வளையமாக உருமாறி நோயாளியின் வயிற்றைக் காத்தது. மூலப்பொருள் நம்முடையது, யோசனை அவர்களுடையது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் யோசிக்க இருக்கிறது.

பிறகு வந்த தடுப்புத் தகடுகளில் ஜெலட்டின், பெக்டின், மரக்கூழிலிருந்து பெறும் ஒருவகை செல்லுலோஸ் ஆகிய மூன்றும் ரப்பர் போன்ற பசையில் பிசையப்பட்டிருக்கும். பெக்டின் நமக்கு அந்நியமானதன்று. ஆரஞ்சுத் தோலிலும் கொய்யாவிலும் இருப்பது அதுவே. ஜாம் கெட்டிப்படுவது அதனால்தான். இந்தப் பொருள்கள் வியர்வையையும் கசிவையும் தமக்குள் வாங்கிக்கொள்ள, பசை தோலைப் பற்றிக்கொள்கிறது. ஒரு கை வேலை செய்ய, மறு கை பிடித்துக்கொள்வது போல. நல்ல தகடு மூன்று நான்கு நாள் தாங்கும். வாயு வெளியேறப் பையின் மேல்மூலையில் கரித்தூள் வடிகட்டி உண்டு; வாயு போகும், வாடை நிற்கும். இவ்வளவையும் கைக்குட்டை கனம்கூட இல்லாத ஒரு பொருளில் அடக்கியிருக்கிறார்களே, அந்தக் கைவண்ணத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. மனதாரப் பாராட்டிவிட்டு, இனிக் கிரிவலப் பாதைக்கு வருவோம்.

முதல் சோதனை வெயில். திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசியில் பாறையே கொதிக்கும். உடல் முழுதும் வியர்வை. தகடு உறிஞ்சுவதற்கும் ஓர் அளவு உண்டு. உள்ளேயிருந்து கசிவும் அடியிலிருந்து வியர்வையும் சேர்ந்து வந்தால் அது விரைவில் ஊறிக் கூழாகி விளிம்பில் விடுபடுகிறது. பெட்டியின் மேல் நான்கு நாள் என்று எண்ணிக்கொண்டு வாங்கியது இரண்டு நாளில் போய்விடுகிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு நாளுக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 91 தகடு. இரண்டு நாளுக்கு ஒன்று என்றால் 182. தகடும் பையும் சேர்ந்து ஒருமுறைக்குச் சில நூறு ரூபாய் பிடிக்கும்போது, குளிர்நாட்டுக்காரருக்கும் பூக்கார அம்மாளுக்கும் உள்ள வேறுபாடு வியர்வையாலேயே இரட்டிப்பாகிறது. எந்தக் கடைக்காரரும் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

வியர்வையோடு எண்ணெயும் சேர்ந்துகொள்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நம் வழக்கம். தோல் சிவந்து எரிந்தால் கைக்கு முதலில் வருவதும் தேங்காய் எண்ணெயே. அன்போடு தடவுகிறார்கள், எண்ணெய்ப் படலத்தின் மேல் பசை ஒட்டுவதில்லை, பை நழுவுகிறது, கழிவு தோலில் படுகிறது, எரிச்சல் கூடுகிறது, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுகிறார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வேண்டியது மிக எளிது. வெந்நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி நன்றாக உலரவைத்து, புண்ணான இடத்தில் ஸ்டோமாவுக்கென்று உள்ள பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, பிறகு தகட்டை ஒட்ட வேண்டும். தகட்டின் துளையும் ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கிவிடும். மருத்துவமனையில் முதல் நாள் வெட்டிக் காட்டிய அளவிலேயே ஆறு மாதம் கழித்தும் வெட்டிக்கொண்டிருந்தால், இடையே தெரியும் தோல் வெந்துபோகாமல் என்ன செய்யும்?

அடுத்தது உட்காருவது. இங்கேதான் என் குறை பெரிது. ஸ்டோமா எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதை அறுவைக்கு முன்பே மையால் குறித்துக்கொள்வது நல்ல வழக்கம். மடிப்பும் தழும்பும் தொப்புளும் இல்லாத, நோயாளியின் கண்ணுக்குத் தெரிகிற, சமதளமான இடம் வேண்டும். ஆங்கில நூல்கள் என்ன சொல்கின்றன? படுக்க வைத்துப் பார். நாற்காலியில் உட்கார வைத்துப் பார். நிற்க வைத்துப் பார். இடைவார் போடும் கோட்டைத் தவிர்த்துவிடு. மிகச் சரி. ஆனால் பூக் கட்டும் அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தா பூக் கட்டுகிறார்? தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது அவர் வயிற்றில் விழும் மடிப்பு நாற்காலியில் விழும் மடிப்பு அன்று. குந்தும்போது விழுவது இன்னொன்று. இடைவாருக்குப் பதில் அவருக்கு இருப்பது உட்பாவாடை நாடா. சுருக்கென்று இறுக்கி முடிச்சுப் போடும் நாடா. ஸ்டோமாவின் மேலோ பையின் கழுத்திலோ அது குறுக்கே விழுந்தால், கழிவு பைக்குள் இறங்க வழியின்றித் தகட்டுக்கு அடியில் புகுந்துவிடும். ஆகவே குறி வைக்கும் செவிலி அம்மாளைப் புடவை கட்டவைத்து, தரையில் உட்காரவைத்து, குந்தவைத்து, பிறகு மையைத் தொட வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. பத்து நிமிடம் போதும்.

‘இவையெல்லாம் சின்ன விஷயங்கள்’ என்பவருக்கு நான் ஜெய்ப்பூர்க் காலை நினைவூட்டுவேன். 1968-இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் அதை உருவாக்கினார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால் நல்ல கால்தான். ஆனால் அதற்குக் கூடு போட்ட பூட்ஸ் வேண்டும், நாற்காலி வேண்டும். வெறுங்காலோடு வயலில் இறங்கவும், குந்தவும், சம்மணமிடவும் வேண்டிய ஒருவருக்கு அது உதவவில்லை. அந்த மனிதரின் நாளைப் பார்த்துவிட்டு அவர்கள் காலைச் செய்தார்கள். 1981-இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்தக் கவனம் காலுக்குக் கிடைத்தது, குடலுக்குக் கிடைக்கவில்லை. கால் வெளியே தெரிகிறது, பை புடவைக்குள் மறைந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. (பைகளின் நிறத்தைப் பாருங்கள்: ‘தோல் நிறம்’ என்கிறார்கள். யாருடைய தோல்?)

மூன்றாவது, காலி செய்வது. பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கனம் தகட்டை இழுத்துப் பெயர்த்துவிடும். நம் செங்கத்துத் தம்பிக்குச் சிறுகுடல் திறப்பு. நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு முறை அவர் பையைத் திறந்தாக வேண்டும். அதாவது கிரிவலத்தின் நான்கைந்து மணி நேரத்தில் ஒருமுறையாவது, சில வேளை இருமுறை. மேல்நாட்டார் கழிப்பிட இருக்கையில் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே பையின் வாலை இறக்கித் திறந்துவிடுகிறார்கள். நம் தரைமட்டக் கழிப்பிடத்தில் குந்தினால், தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே பை நசுங்கும். நின்றபடி திறந்தால் தெறிக்கும். ஈரத்தரையில் மண்டியிட யாருக்கும் மனம் வராது. வீட்டிலென்றால் ஒரு தாழ்வான ஸ்டூலும் பழைய மக் ஒன்றும் வைத்துச் சமாளித்துவிடலாம். பையின் வாலைப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டிக்கொள்வதும் உதவும். பாதையில் என்ன செய்வார்?

ஜப்பானில் பொதுக் கழிப்பிடங்கள் பலவற்றின் கதவில் ஒரு சின்னத்தைக் காணலாம்: ஒரு மனித உருவம், வயிற்றில் கூட்டல் குறி போன்ற ஓர் அடையாளம். உள்ளே இடுப்பு உயரத்தில் ஒரு தொட்டி. பக்கத்தில் கையில் பிடித்துக் கழுவும் குழாய். நின்றபடியே பையைத் திறந்து, காலி செய்து, அலசி மூடிக்கொள்ளலாம். இதில் மின்னணுவியலும் இல்லை, மர்மமும் இல்லை. கைக்குழாய் இன்று நம் ஊர்க் கழிப்பறைகளில் சாதாரணம். தொட்டியை உயர்த்திக் கட்டுவதற்கு ஒரு கொத்தனார் போதும்.

தம்பிக்கு இன்னொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பெருங்குடல் செய்யும் பெரிய வேலை நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சுவது. அது இவருக்கு நடப்பதில்லை. வியர்வையும் சேர்ந்தால் உடல் வேகமாக வறண்டுவிடும். அவருக்கு வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சர்க்கரையும் அளவோடு சேர்ந்த நீர்க்கரைசல் வேண்டும். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லவை.

அம்மாளின் நிலை வேறு. அவருக்குப் பெருங்குடலின் பெரும்பகுதி இருப்பதால் கழிவு கெட்டியாக வரும். இத்தகையோரில் பலருக்கு ஒரு மாற்று வழி உண்டு: ஸ்டோமா வழியாகவே கழுவுதல். கூம்பு முனை கொண்ட ஒரு குழாயால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வெதுவெதுப்பான நீரை மெல்லச் செலுத்தினால், குடல் தூண்டப்பட்டுக் கழிவு முழுதும் ஒரே முறையில் வெளியேறிவிடும். ஒரு மணி நேர வேலை. பழகிவிட்டால் அடுத்த ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள், சிறு மூடி ஒன்றே போதும். பை மாற்றும் செலவு பெருமளவு குறைந்துவிடும். கிரிவலத்துக்கும் தடையில்லை. எல்லாருக்கும் ஏற்றதன்று, சிறுகுடல் திறப்புள்ளவர் செய்யவே கூடாது, மருத்துவர் அனுமதித்து, பயிற்சி பெற்ற செவிலி கூட இருந்து கற்றுத்தர வேண்டும். ஆயினும் ஏழை நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. பையை விற்க ஆள் இருக்கிறது. இதைச் சொல்லித்தரத்தான் ஆள் குறைவு.

கருவியில் பாதி பிளாஸ்டிக், மறுபாதி சொல்லித்தருபவர். டர்ன்புல் இதை உணர்ந்திருந்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற, ஸ்டோமா உடைய நார்மா கில் என்ற பெண்மணியையே 1958-இல் அவர் பணிக்கு அமர்த்தி, மற்ற நோயாளிகளுக்குக் கற்றுத்தரச் செய்தார். உலகெங்கும் இன்று ஸ்டோமாச் செவிலியர் என்றொரு தனிப்பிரிவு இருப்பதற்கு அதுவே தொடக்கம். நம் நாட்டில் 1975-இல் பம்பாயில் இந்திய ஆஸ்டமி சங்கம் தோன்றியது. ஆனால் இத்தகைய பயிற்சி பெற்ற செவிலியரைப் பெரிய மருத்துவமனைகளில்தான் காணலாம். திருவண்ணாமலைக்காரர் தோல் வெந்துபோனால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பயணம் செய்து வேலூருக்கோ, அதைவிட இருமடங்குக்கு மேல் தொலைவுள்ள சென்னைக்கோ போக நேர்கிறது. கசியும் பையோடு பேருந்தில்.

பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளாவது துணைக்கு வருகிறதா? நான் பிரித்துப் பார்த்த பெட்டியில் ஐரோப்பிய மொழிகள் பல இருந்தன, தமிழ் இல்லை. படத்தில் கால்சட்டை அணிந்த ஒருவர். அடைப்பு உண்டாக்கும் உணவுகளாகக் காளானையும் சோளப்பொரியையும் எச்சரிக்கும் இத்தகைய குறிப்புகள், முருங்கைக்காய்ச் சக்கையையும் வாழைத்தண்டையும் பனங்கிழங்கு நாரையும் அறியா. தம்பியின் குறுகிய சிறுகுடல் வாயில் அடைத்துக்கொள்ளக் கூடியவை அவையே.

பணத்தைப் பற்றி ஒரு சொல். அறுவை ஒருமுறைதான்; அம்மாளுக்குப் பையோ ஆயுள் முழுதும். 1981 முதல் மைய அரசின் உதவிக் கருவித் திட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. மூன்றுசக்கர வண்டி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி முதலியவை அதில் கிடைக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஸ்டோமா அவற்றில் இல்லை. ஜப்பானில் நிலையான ஸ்டோமா உள்ளவரைச் சட்டம் உடல் குறைபாடுடையவராக ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருளைக் கொடுப்பது எந்த அரசுக்கும் எளிது. மாதந்தோறும் தீர்ந்துபோகும் பொருளுக்குத் திட்டம் தீட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீரிழிவு நோயாளிக்கு மாதந்தோறும் மாத்திரை கொடுக்க நம் அரசு மருத்துவமனைகள் பழகியிருக்கின்றன. பை மட்டும் ஏன் வேறு?

நம் கேள்விக்கு வருவோம். அம்மாள் கிரிவலம் வர முடியும். காலையில் கழுவிக்கொண்டோ, புதிய தகடு ஒட்டி, மேலே பட்டை கட்டிக்கொண்டோ, நாடாவைச் சற்று மேலேற்றி முடிந்துகொண்டு அவர் புறப்படலாம். இரவில் நடந்தால் வெயில் இல்லை. தம்பிக்குத்தான் சிக்கல். நடக்கும் வலு அவருக்கு இருக்கலாம். வழியில் பையைத் திறக்க இடம் இல்லை. பாதையோரக் கழிப்பிடக் கட்டடங்களில் ஒவ்வொன்றிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றென உயர்ந்த தொட்டியும் கைக்குழாயும், உடை மாட்ட ஒரு கொக்கியும், பயன்படுத்திய பையைப் போட மூடியுள்ள கூடையும் வைத்தால் போதும். கூடைக்குள் போவது காலி செய்து காகிதத்தில் சுற்றிய பையாக இருக்க வேண்டும்; அதை அள்ளுபவரும் மனிதரே. தொட்டியின் விளிம்பு எத்தனை உயரத்தில் இருக்க வேண்டும் என்று நூலைப் புரட்ட வேண்டியதில்லை. புடவை கட்டிய ஓர் அம்மாளையும் வேட்டி கட்டிய ஒரு தம்பியையும் சுவரோரம் நிற்கவைத்து, கரித்துண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.